சகமாணவர் கற்பித்தல்: தொடக்கநிலை இயற்பியலில் ஒரு கற்பித்தல்முறையின் வரலாறு

சகமாணவர் கற்பித்தல் என்பது, ஆசிரியர் எழுப்பும் கருத்துக் கேள்விக்கு மாணவர்கள் முதலில் தனித்தனியாக விடை கூறி, பின்னர் பக்கத்தில் இருப்பவருடன் விவாதித்து, மீண்டும் விடை கூறும் கற்பித்தல்முறை ஆகும். அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசூர் 1991-இல் இதைத் தமது தொடக்கநிலை இயற்பியல் வகுப்பில் கையாளத் தொடங்கினார். இயற்பியலில் தொடங்கிய இம்முறை பின்னர் வேதியியல், உயிரியல், கணிதம் முதலிய பாடங்களுக்கும் பரவியது. புதிதாகக் கற்பவருக்கு யார், எப்படி உதவினால் பயன் கிடைக்கும் என்ற பழைய கேள்விக்கு, அளந்து பார்த்து விடை தேடிய முயற்சிகளுள் இது முக்கியமானது.

பின்னணி

1985-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இப்ராகிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டெனஸ் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரியில் இயற்பியல் படிக்க வரும் மாணவர்கள் வெற்றுத்தாளாக வருவதில்லை; விசை, இயக்கம் பற்றி அன்றாட அனுபவத்திலிருந்து உருவான உறுதியான எண்ணங்களுடன் வருகின்றனர் என்று அவ்வாய்வு காட்டியது. அவ்வெண்ணங்களில் பல நியூட்டனின் விதிகளுக்கு முரணானவை. ஒரு பருவம் முழுவதும் பாடம் கேட்ட பின்னும் அவை பெரிதாக மாறவில்லை. கற்பித்தவர் யாராக இருந்தாலும் முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இப்பணியின் தொடர்ச்சியாக ஹெஸ்டெனஸ், மால்கம் வெல்ஸ், கிரெக் சுவாக்கமர் ஆகியோர் 1992-இல் விசைக் கருத்து வினாத்தொகுப்பு என்ற தேர்வை வெளியிட்டனர். இதில் கணக்கு எதுவும் இல்லை. எல்லாம் எளிய சொற்களில் அமைந்த பல்தேர்வு வினாக்கள். தவறான விடைகள் மாணவர்களின் சொந்த எண்ணங்களிலிருந்தே எடுக்கப்பட்டவை.

இத்தொகுப்பில் புகழ்பெற்றது, கனமான லாரி ஒன்று சிறிய காருடன் மோதும் வினா. லாரி காரின் மீது செலுத்தும் விசையே பெரியது என்று பலர் விடையளிக்கின்றனர். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரு விசைகளும் சமம். காரின் நிறை குறைவு என்பதால், அதே விசை அதற்கு அதிக முடுக்கத்தைத் தருகிறது. விதியை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த மாணவரும் இங்கே தடுமாறுவது உண்டு.

ஆர்வர்டில் தொடக்கம்

மாசூர் 1984-இல் ஆர்வர்டில் கற்பிக்கத் தொடங்கினார். அவரது விரிவுரைகளை மாணவர்கள் பாராட்டினர். தேர்வுகளில் கடினமான கணக்குகளைத் தீர்த்தனர். எனவே தமது கற்பித்தலில் குறை இருப்பதாக அவர் எண்ணவில்லை. 1990-இல் ஹலூன், ஹெஸ்டெனஸ் ஆய்வைப் படித்தபோதும், தம் மாணவர்களுக்கு அது பொருந்தாது என்றே நினைத்தார். சோதித்துப் பார்க்க அதே வகைத் தேர்வை வகுப்பில் நடத்தினார். அப்போது ஒரு மாணவி, நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நான் உண்மையில் நினைப்பதுபோல் எழுதுவதா என்ற பொருளில் கேட்டதாக மாசூர் பின்னர் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். முடிவுகள் அவர் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தன.

அடுத்து, ஒரே தேர்வில் ஒரே பாடப்பகுதியிலிருந்து இரு வகை வினாக்களைக் கொடுத்தார். ஒன்று, கிர்க்காஃப் விதிகளைப் பயன்படுத்தி மின்னோட்டத்தைக் கணக்கிடும் வழக்கமான வினா. மற்றொன்று, ஒரேமாதிரியான பல்புகள் உள்ள சுற்றில் சுவிட்சை மூடினால் எந்தப் பல்பின் ஒளி கூடும், எதன் ஒளி குறையும் என்ற எளிய வினா. கணக்கை நன்றாகச் செய்த பலர் பல்பு வினாவில் தவறினர். சூத்திரத்தில் எண்களைப் பொருத்தும் திறமையைப் புரிதல் என்று கருதிவிட்டது அப்போது தெளிவாயிற்று.

திருப்பம் ஒரு வகுப்பில் நேர்ந்தது. கருத்துக் கேள்வி ஒன்றை மாசூர் விளக்கினார், மாணவர்களுக்குப் புரியவில்லை. வேறு வழியில் மீண்டும் விளக்கினார்; குழப்பமே மிஞ்சியது. மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதற்குச் சரியான விடை எழுதியிருந்தது அவருக்குத் தெரியும். ஆகவே, ஒருவரோடொருவர் பேசிப் பாருங்கள் என்றார். வகுப்பு இரைச்சலில் மூழ்கியது. சில நிமிடங்களில் அவர்களே விடையைக் கண்டுகொண்டனர்.

இதற்கு அவர் கூறிய காரணம் எளிமையானது. நெடுங்காலம் முன்பே கற்றுத் தேர்ந்தவருக்கு, தொடக்கத்தில் தாம் எங்கே இடறினோம் என்பது மறந்துபோகிறது. சற்றுமுன் புரிந்துகொண்டவருக்கோ அந்த இடறல் நன்றாக நினைவிருக்கிறது.

செயல்முறை

மாணவர்கள் பாடத்தை முன்கூட்டியே படித்து வருவர். ஆசிரியர் சில நிமிடங்கள் விளக்கியபின் ஒரு கருத்துக் கேள்வியை முன்வைப்பார். ஒன்றிரண்டு நிமிடம் தனியே சிந்தித்து ஒவ்வொருவரும் விடையைத் தேர்வர். சரியான விடை 30 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் ஆசிரியர் மீண்டும் விளக்குவார்; 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் சுருக்கமாக விளக்கி அடுத்த பகுதிக்குச் செல்வார். இடைப்பட்ட நிலையில் மாணவர்கள் வேறு விடை சொன்னவரைத் தேடி விவாதிப்பர். பிறகு மறுபடி விடை கூறுவர்.

விவாதத்தில் விடையைச் சொல்லிவிடுவது உதவியாகாது, காரணத்தைச் சொல்லவேண்டும். லாரி வினாவில், விசைகள் சமம் என்று மட்டும் சொன்னால் எதிரிலிருப்பவர் ஏற்கமாட்டார். விசை சமமானால் கார் மட்டும் ஏன் தூக்கி எறியப்படுகிறது என்று அவர் கேட்பார். விசையையும் முடுக்கத்தையும் அவர் ஒன்றாகக் கருதுவது அந்தக் கேள்வியால் வெளிப்படுகிறது. திருத்தவேண்டிய இடமும் அதுவே.

மதிப்பீடு

1998-இல் ரிச்சர்டு ஹேக் 62 தொடக்கநிலை இயற்பியல் வகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணவர்களின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டார். பாடத்துக்கு முன் ஒரு வகுப்பு 40 விழுக்காடும் பின் 70 விழுக்காடும் பெற்றால், கூடுவதற்கு இருந்த 60-இல் 30 கூடியுள்ளது, ஈட்டம் 0.5 ஆகும். வழக்கமான விரிவுரை வகுப்புகளின் சராசரி ஈட்டம் 0.23 ஆகவும், மாணவர்கள் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளின் சராசரி 0.48 ஆகவும் இருந்தன.

கேத்தரின் கிரவுச், மாசூர் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, ஆர்வர்டில் ஈட்டம் 1990-இல் 0.25 ஆக இருந்து, புதிய முறை வந்த 1991-இல் 0.49 ஆக உயர்ந்தது.

ஐயங்களும் விடைகளும்

கெட்டிக்காரரின் விடையை மற்றவர் அப்படியே ஏற்பதால்தான் இரண்டாம் முறை சரியான விடைகள் கூடுகின்றன என்ற ஐயம் எழுந்தது. 2009-இல் கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பொன்றில் மிச்செல் ஸ்மித் குழுவினர் இதை ஆராய்ந்தனர். விவாதத்துக்குப் பிறகு, அதே கருத்தைச் சோதிக்கும் புதிய கேள்வியை மாணவர்கள் தனியே எதிர்கொண்டனர். அதிலும் முன்னேற்றம் காணப்பட்டது. குழுவில் ஒருவருக்கும் தொடக்கத்தில் சரியான விடை தெரியாத நிலையிலும் விவாதம் பயன் தந்தது.

விடைகளைத் திரட்ட மின்னணுக் கருவி தேவை என்ற எண்ணமும் உண்டு. தொடக்கத்தில் கை உயர்த்துதலும் அட்டைகளுமே பயன்பட்டன. நதானியேல் லாஸ்ரி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அட்டை காட்டிய மாணவர்களும் கருவி பயன்படுத்தியவர்களும் கற்ற அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மாணவர்களின் தயக்கம் இன்னும் நீடிக்கும் தடையாக உள்ளது. 2019-இல் லூயி டெலோரியே குழுவினர் ஆர்வர்டின் தொடக்கநிலை இயற்பியல் வகுப்புகளில் நடத்திய ஆய்வில், தாமே ஈடுபட்டுக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றனர்; ஆயினும், சரளமான விரிவுரையைக் கேட்டவர்களைவிடக் குறைவாகவே கற்றதாக உணர்ந்தனர். தெளிவான விளக்கத்தைக் கேட்கையில் புரிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. தாமே விளக்க முயலும்போது புரியாத இடம் தென்படுகிறது. அந்தச் சிரமம் கற்றலின் ஒரு பகுதி என்பதை வகுப்பின் தொடக்கத்திலேயே மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்று அவ்வாய்வாளர்கள் பரிந்துரைத்தனர்.