அஞ்சலறையின் சாவி

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாட்களில் ‘மோ த பாஸ்’ என்ற சொல்லைப் போர்க் கதைகளில்தான் பார்த்திருக்கிறேன். இரவுக் காவலில் நிற்கும் சிப்பாய் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு கேட்பான். சரியான சொல்லைச் சொன்னவன் கோட்டைக்குள் போவான். கடவுச்சொல் என்று இன்று தமிழில் சொல்கிறோமே, அதுதான். சென்ற ஆண்டு, என்னுடைய 73ஆவது வயதில், அதே சொல் கணினித் திரையில் வந்து என்னை நிறுத்தியது.

எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் சர்வர் உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் பெயரில் ஒரு முகவரி. அதைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் வேலை கிடைத்து பாரிசுக்குப் போய்விட்டார். செயலாளர் என்ற முறையில் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தம்பி மகன் பக்கத்தில் உட்கார்ந்து, “பிரௌசர்லயே உள்ள போயிடலாம் பெரியப்பா, வேற ஒண்ணும் வேணாம்” என்று சொல்லிக்கொடுத்தான்.

உள்ளே போனதும் எல்லாருடைய பெயரும் வரிசையாக வந்தன. யார் பெட்டியில் எவ்வளவு அஞ்சல் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார் என்ற விவரம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘கடவுச்சொல்லை மாற்று’ என்று ஒரு பொத்தான். அரசு அலுவலகத்தில் பல வருடங்கள் தபால் பிரிவில் இருந்தவன் நான். ‘இரகசியம்’ என்று எழுதிய உறை வந்தால் பிரிக்காமல், பதிவேட்டில் எண்ணை மட்டும் ஏற்றி அதிகாரியின் மேசைக்கு அனுப்பிப் பழகியவன். அந்தப் பொத்தான்களைப் பார்த்ததும் கொஞ்சம் பயமாகவே இருந்தது. இந்த ஏற்பாடு எங்கே தொடங்கியது என்று தேடிப் படித்தேன்.

கணினியில் கடவுச்சொல்லைப் புகுத்தியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ கோர்பாத்தோ. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை அவரும் அவருடைய குழுவினரும் 1961இல் செய்து காட்டினார்கள். இயந்திரம் ஒன்று, ஆட்கள் பலர். ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாமலிருக்க ஆளுக்கு ஒரு சொல் கொடுத்தார்கள். கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டியும் பூட்டும் வைத்துக்கொள்வது போல.

பூட்டு வந்த வேகத்தில் திருட்டும் வந்தது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை. எல்லாருடைய கடவுச்சொல்லும் இருக்கும் கோப்பை அச்சடித்துத் தரும்படி ஒரு துளையட்டையில் கேட்டு வைத்தார். இயந்திரமும் அச்சடித்துக் கொடுத்துவிட்டது! கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் அவர் இதை ஒப்புக்கொண்டார். 1966இல் அதைவிடப் பெரிய கூத்து. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்ததில் இரண்டு தற்காலிகக் கோப்புகள் இடம் மாறிவிட்டன. அன்று உள்ளே நுழைந்தவர்களுக்கு வழக்கமான அறிவிப்புக்குப் பதிலாக ஊரார் கடவுச்சொற்கள் எல்லாம் கண்முன் வந்து விழுந்தன. இரண்டு கதையிலும் பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவிகளை மொத்தமாக ஒரே இடத்தில் வைத்ததுதான் தவறு.

மின்னஞ்சல் பிறந்ததும் அதே இயந்திரத்தில்தான். 1965இல் டாம் வான் வ்ளெக், நோயல் மோரிஸ் இருவரும் ‘மெயில்’ என்ற கட்டளையை எழுதினார்கள். ஒருவர் எழுதியது மற்றவருடைய அஞ்சல் பெட்டிக் கோப்பில் போய்ச் சேரும். அப்படி ஒரு வசதி வேண்டும் என்று முன்னதாகக் குறிப்பு எழுதிய மூவரில் ஒருவர் லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர் என்று அறிந்தபோது, பிரெஞ்சில் படித்த எனக்கு அற்ப சந்தோஷம். அவர் தாய்நாடு திரும்பி, 1970களில் ‘சிக்லாத்’ என்ற வலைப்பின்னலை அமைத்தார். இன்றைய இணையத்தை வடிவமைத்தவர்கள் அதிலிருந்து பாடம் கற்றார்கள்.

1979இல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்சன் இருவரும் யூனிக்ஸ் கடவுச்சொற்களைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார்கள். சொல்லை அப்படியே எழுதி வைக்காதே, அரைத்து மாவாக்கி வை என்பது அதன் சாரம். மாவிலிருந்து மறுபடி அரிசியை எடுக்க முடியாது. நுழைகிறவர் தட்டும் சொல்லையும் அதே போல அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று மட்டும் இயந்திரம் பார்க்கும். ஒழுங்காக அமைத்த சர்வரில் நிர்வாகிக்கும் உங்கள் கடவுச்சொல் தெரியாது. ஆனால் கவனியுங்கள்: அவரால் அதைப் படிக்க முடியாது, மாற்ற முடியும். நான் பார்த்த பொத்தான் அதுதான்.

1988 நவம்பரில் இணையத்தைத் திணறடித்த ‘புழு’வை எழுதியவர், மேலே சொன்ன மோரிஸின் சொந்த மகன். அது நுழைந்த வழிகளில் ஒன்று ‘சென்ட்மெயில்’ என்ற அஞ்சல் மென்பொருளில் இருந்த ஓட்டை. இன்னொன்று, கடவுச்சொல்லை ஊகிப்பது. பயனரின் பெயர், அதைத் திருப்பிப் போட்டது, பிறகு 432 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். தகப்பனார் பூட்டைப் பற்றி எழுதினார், பிள்ளை திறந்து காட்டினார்.

அந்த நாளில் அஞ்சல் சர்வரை நிர்வகிக்க, கறுப்புத் திரையில் மந்திரம் போன்ற வரிகளை எழுதத் தெரிந்திருக்க வேண்டும். வலைத்தளங்கள் வந்த பிறகு அந்தக் கஷ்டம் போயிற்று. 1997இல் ஜேமி கேமரன் வெளியிட்ட ‘வெப்மின்’ போன்ற மென்பொருள்களால் பிரௌசரிலிருந்தே சர்வரை ஆளலாம் என்றாயிற்று. என்னைப் போன்ற ஓய்வுபெற்ற குமாஸ்தாவும் போஸ்ட்மாஸ்டர் ஆனது இப்படித்தான். சும்மா சொல்லவில்லை. அஞ்சல் ஏற்கும் ஒவ்வோர் இடத்திலும் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற முகவரி இருந்தே ஆக வேண்டும் என்று 1982இலேயே விதி செய்திருக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் உறுப்பினர் ஒருவர் காலமானார். பிரெஞ்சு அரசு ஓய்வூதியம் வாங்கியவர். பதினாறாம் நாள் கழிந்ததும் அவர் மகன் போன் செய்தான். “மாமா, அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் மாத்தணும். கடுதாசி எல்லாம் அப்பா மெயில்லதான் இருக்கு. பாஸ்வேர்ட மட்டும் மாத்திக் குடுத்திடுங்க.”

இரண்டு சொடுக்கில் முடிகிற காரியம். பையனும் நல்லவன்தான். ஆனாலும் கை வரவில்லை. ஆங்கிலத்தில் ‘லாக்’ என்றால் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அளக்கக் கடலில் வீசிய கட்டை அது. அந்த அளவை எழுதிய புத்தகத்துக்கு லாக்புக் என்று பெயர் வந்தது. ‘லாகின்’ செய்வது என்றால், அந்தப் பரம்பரையில், பேரேட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போவது. எழுதிவிட்டுச் செய்ய முடியாத காரியத்தைச் செய்யக் கூடாது என்பது தபால் பிரிவில் நான் கற்ற பாடம்.

அவருடைய மனைவியிடம் எழுத்தில் விண்ணப்பம் வாங்கினோம். நிர்வாகக் குழுவினர் இருவர் என் பக்கத்தில் உட்கார, கடவுச்சொல்லை மாற்றி, ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்களை மட்டும் அச்செடுத்தோம். தேதி, நேரம், எத்தனை கடிதம் என்று ஒரு நோட்டில் எழுதி மூவரும் கையெழுத்திட்டோம். பிறகு பெட்டியை மூடிவிட்டோம். அந்த அம்மாளுக்கு இப்போது பென்ஷன் வருகிறது.

எல்லாம் முறைப்படிதான் நடந்தது. இருந்தாலும் தேடும்போது வேறொரு கடிதத்தின் தலைப்பு கண்ணில் பட்டுவிட்டது. திறக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரி போதும், 50 வருட நண்பரைப் பற்றி அவர் சொல்லாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது. நோட்டில் நான் எழுதாதது அது ஒன்றுதான். இங்கேயும் எழுதப் போவதில்லை.

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வோர் உறுப்பினரும் தனக்குப் பின் தன் அஞ்சல் பெட்டியை யார் திறக்கலாம், அல்லது யாரும் திறக்கக் கூடாதா என்பதை இப்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். என்னுடையதை முதல் ஆளாக எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.