தொட்டிலருகே ஒரு சொட்டு ரத்தம்

பச்சிளங்குழந்தையின் சர்க்கரை அளவைத் தொட்டிலருகிலேயே அறியும் வழக்கத்தின் வரலாறு, அளக்கப்படுவது எந்தச் சர்க்கரை என்ற கேள்வியோடு பின்னிக் கிடக்கிறது. அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் 1908-ஐ ஒட்டி உருவாக்கிய நீலக் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்தால், சர்க்கரை கூடக் கூட அது பச்சையாகி, மஞ்சளாகி, முடிவில் செங்கல் சிவப்பாகும். ஆனால் செம்பு உப்பை ஒடுக்கவல்ல எந்தச் சர்க்கரைக்கும் அந்நிறம் வரும் என்பதால், குளுக்கோஸையும் கேலக்டோஸையும் அது பிரித்துக் காட்டாது.

இந்தக் குறை கேலக்டோசீமியா என்னும் பிறவி வளர்சிதைமாற்றக் கோளாறில்தான் உயிர்ப் பிரச்சினையாகிறது. பாலிலுள்ள லாக்டோஸ் குடலில் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் பிரிகிறது; பின்னதைக் குளுக்கோஸாக மாற்றும் நொதி இல்லாத குழந்தைக்குத் தாய்ப்பாலே கேடாகி, வாந்தியும் காமாலையும் காண்பதோடு, கேலக்டோஸ் ரத்தத்தில் தேங்க, கல்லீரல் குளுக்கோஸை வெளிவிட இயலாமல் தடுமாறுகிறது. அந்த நொதிக் குறைபாடு கண்டறியப்பட்ட 1956-ஆம் ஆண்டிலேயே, ஹெலன், ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதியர் உருவாக்கிய, குளுக்கோஸை மட்டுமே இனங்காணும் கிளினிஸ்டிக்ஸ் பட்டையும் விற்பனைக்கு வந்தது. கரைசல் சிவந்து, பட்டை நிறம் மாறாதிருந்தால் சிறுநீரில் இருப்பது வேறொரு சர்க்கரை என்று தெளிந்தது. பழைய சோதனையின் குறையே இவ்வாறு நோயைக் காட்டிக்கொடுக்கும் தடயமானது.

பின்னர் வந்த ரத்தச் சர்க்கரை மீட்டர்களுள் சில, ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவால் பாதிக்கப்படாத பி.க்யூ.க்யூ. வகை டீஹைட்ரஜனேஸ் நொதியைக் கையாண்டபோது, அந்நொதி கேலக்டோஸையும் மால்டோஸையும் குளுக்கோஸாகவே எண்ணியதால், பழைய குழப்பம் திரும்பியது. கேலக்டோசீமியா உள்ள குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சொட்டுக்கு மீட்டர் நல்ல எண்ணைக் காட்ட, உண்மைக் குளுக்கோஸோ மூளைக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கக்கூடும். சிலவகை டயாலிசிஸ் திரவம் போன்றவற்றால் ரத்தத்தில் மால்டோஸ் சேர்ந்த நோயாளிகளிடம் இதே பிழை நேர்ந்து, 1997 முதல் 2009 வரை 13 இறப்புகள் பதிவானதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அதன்பின் நொதிகள் திருத்தப்பட்டன.

எனினும் இக்கருவிகள் நீரிழிவுற்ற பெரியவர்களை எண்ணிச் செய்யப்பட்டவை. 2003-ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. தரப்படி, டெசிலிட்டருக்கு 75 மில்லிகிராமுக்குக் கீழான அளவுகளில் 15 மில்லிகிராம் வரையிலான விலகல் ஏற்கத்தக்கதாக இருந்தது. பெரியவருக்குப் பொருட்டல்லாத அந்த வேறுபாடு, 40 மில்லிகிராமில் கிடக்கும் சிசுவை 55 என்று காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடும். ஆகவேதான் ஐயத்துக்குரிய குழந்தையின் ரத்தம் ஆய்வகத்துக்கும் அனுப்பப்படுகிறது. வழியில் சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்றுவிடாதிருக்க மாதிரி அடங்கிய குழாயில் ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது.