குவாய் நதிப் பாலம்: திரைக்கு வெளியே நின்றவர்கள்

அவிசாவளையிலிருந்து ஹற்றன் செல்லும் வீதியில் கித்துல்கலவைக் கடந்து போனவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். களனி கங்கை பாறைகளுக்கிடையே ஒடுங்கி ஓடும் பள்ளத்தாக்கு அது. 1957 மார்ச்சில் அங்கு ஒரு மரப்பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பாலத்தின் மீது வந்த புகையிரதமும் ஆற்றில் விழுந்தது. யுத்தம் எதுவும் நடக்கவில்லை. டேவிட் லீன் நெறிப்படுத்திய 'குவாய் நதிப் பாலம்' என்ற திரைப்படத்துக்காக நடந்த வெடிப்பு அது. பாலத்தின் அத்திவாரக் கொங்கிறீட்டைப் பார்க்க இன்றும் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள்.

யுத்தப் படங்களுள் சிறந்தவற்றைப் பட்டியலிடுவோர் இப்படத்தைத் தவறவிடுவதில்லை. 7 ஒஸ்கார் விருதுகளை வென்ற படம். ஜப்பானியரின் சிறைமுகாமில் அகப்பட்ட பிரித்தானிய அதிகாரி கேர்ணல் நிக்கல்சன், எதிரிக்காகக் கட்டும் பாலத்தையே தன் படையின் பெருமையாகக் கருதத் தொடங்குகிறார். கடமை எங்கே முடிகிறது, துரோகம் எங்கே தொடங்குகிறது என்பது படம் எழுப்பும் கேள்வி. அலெக் கின்னஸின் நடிப்பில் அக்கேள்வி நம்மை விட்டு அகல்வதில்லை. ஒரு கலைப்படைப்பாக அதன் வலிமையை நானும் மறுப்பவனல்லன். ஆனால், அப்பாலத்தின் உண்மை வரலாற்றைத் தேடிப் படிக்கும்போது மனம் வேறொரு கேள்வியில் போய் நிற்கிறது.

இரண்டாம் உலக மகாயுத்தத்தில் பர்மாவைக் கைப்பற்றிய ஜப்பானியப் படைக்குக் கடல்வழியாகப் பொருட்களை அனுப்புவது ஆபத்தாக இருந்தது. எனவே சயாமின் பான் பொங் என்ற இடத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, காட்டையும் மலையையும் ஊடறுத்து, 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையை அமைக்க அவர்கள் முனைந்தனர். 1942இல் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபரில் முடிந்தது. பிரித்தானிய, அவுஸ்திரேலிய, ஒல்லாந்த, அமெரிக்க யுத்தக் கைதிகள் 60,000இற்கும் மேற்பட்டோர் இதில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் 12,000இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். மரண இரயில் பாதை என்ற பெயர் இதனாலேயே வந்தது.

படம் இந்த வரலாற்றிலிருந்து பல இடங்களில் விலகுகிறது. தமர்க்கான் முகாமில் கைதிகளின் தலைவராயிருந்த லெப்டினன்ட் கேர்ணல் பிலிப் டூசி, நிக்கல்சனைப் போன்றவரல்லர். தன் ஆட்களின் உயிரைக் காப்பதும், முடிந்தவரை வேலையைக் கெடுப்பதுமே அவரது நோக்கமாயிருந்தது. மரக்கட்டைகளை அரிக்கட்டும் என்று கைதிகள் கறையான்களைச் சேகரித்து விட்டதாகவும் பதிவுகள் உள்ளன. ஜப்பானியப் பொறியியலாளர் பாலம் கட்டத் தெரியாதவர்களாகப் படத்தில் வருகின்றனர்; உண்மையில் பாதையை வடிவமைத்தவர்கள் அவர்களே. பாலத்தைத் தகர்த்ததும் கொமாண்டோக்களல்லர். 1945இல் நேச நாடுகளின் விமானங்கள் குண்டு வீசின. பாலம் நின்றதும் குவாய் நதி மீதல்ல, மேக்லொங் நதி மீதாகும். படத்தைப் பார்த்துவிட்டு வந்த பயணிகள் குவாய் நதியைத் தேடியதால், தாய்லாந்தினர் 1960களில் அந்நதிப் பகுதிக்கு 'குவாய் யாய்' என்று பெயரிட்டனர். வரலாற்றைப் படம் பின்பற்றவில்லை. நதிதான் படத்தைப் பின்பற்றியது!

இவையெல்லாம் கதைக்காகச் செய்த மாற்றங்கள் எனலாம். பியர் பூலின் நாவல் கற்பனையே. படமும் தன்னை வரலாறு என்று கூறிக்கொள்ளவில்லை. என்னைத் தொந்தரவு செய்வது படம் மாற்றியது அன்று, விட்டுவிட்டது.

அப்பாதையை அமைத்தவர்களில் பெரும்பான்மையினர் வெள்ளைக்காரக் கைதிகளல்லர். பர்மியர், ஜாவாக்காரர், மலாயர், சீனர், தமிழர் என ஏறத்தாழ 2 இலட்சம் ஆசியத் தொழிலாளர்கள் அங்கு வேலை செய்தனர். அவர்களுள் 90,000 பேர் வரை மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்கள் மட்டும் 75,000 பேரளவில் இருந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் இறப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர்கள்.

ஜப்பானியர் வந்ததும் தோட்டங்களில் வேலை நின்றது, பசி வந்தது. நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, சில மாத வேலை, பின்னர் வீடு திரும்பலாம் என்ற வாக்குறுதியை நம்பி முதலில் பலர் போயினர். போனவர்கள் திரும்பாத செய்தி பரவியதும் ஆட்பிடிப்பு தொடங்கியது. இலவசப் படக்காட்சி என்று அறிவித்து, கூட்டம் சேர்ந்ததும் படமாளிகைக் கதவுகளைப் பூட்டி, உள்ளேயிருந்த ஆண்களை இரயிலேற்றிய சம்பவங்களையும் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. படம் பார்க்கப்போய் அகப்பட்டவர்களுக்குப் பின்னாளில் எடுக்கப்பட்ட படத்தில் இடம் கிடைக்கவில்லை.

கைதிகளின் துன்பத்தைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. ஆனால் கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தனர். இராணுவ வைத்தியர்கள் இருந்தனர். கொதித்த நீரையே குடிக்க வேண்டும் என்று கட்டளையிட ஆளிருந்தது. தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு எதுவுமில்லை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது அவர்களது முகாம்களில் பிணங்களைப் புதைக்கவும் ஆளில்லாமற் போனது. அவ்வாண்டு சாங்கி முகாமிலிருந்து இரண்டு வைத்தியக் குழுக்கள் இத்தொழிலாளரிடையே பணியாற்ற அனுப்பப்பட்டன. அதற்குள் காலம் கடந்திருந்தது.

இவர்கள் ஏன் திரையில் இல்லை? ஓரவஞ்சனை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. விடுதலையான அதிகாரிகள் நாட்குறிப்பு வைத்திருந்தனர், நூல்கள் எழுதினர், சித்திரங்கள் வரைந்தனர். படம் எடுப்பவர்களின் கைக்கு எட்டியவை அவையே. காஞ்சனபுரி யுத்த மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தொழிலாளருக்கோ பெயர்ப்பட்டியலே ஒழுங்காக வைக்கப்படவில்லை. பெயரில்லாதவரைப் பற்றி யார் கதை எழுதுவது? 2013இல் வந்த 'த ரெயில்வே மேன்' படமும் ஒரு பிரித்தானிய அதிகாரியின் நினைவுகளிலிருந்தே பிறந்தது. அது நேர்மையான படம். ஆயினும் அதன் நாயகனும் எழுதத் தெரிந்த ஒருவரே.

இந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. ஒஸ்கார் மேடைக்கும் இவற்றுக்கும் வெகுதூரம். ஆயினும், பாலத்தைக் கட்டிய கைகளைக் காண விரும்புபவர் இவற்றிடமே வரவேண்டும்.

இப்படத்தின் திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கல் வில்சனும் அரசியல் காரணத்தால் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். எனவே அவர்களது பெயர்கள் மறைக்கப்பட்டு, ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதாத பூலுக்கு விருது போனது. 1984இல், இருவரும் மறைந்த பின்னர், தவறு திருத்தப்பட்டு அவர்களுக்கு விருது அளிக்கப்பட்டது. 27 ஆண்டுகள் கழிந்தாலும் இரண்டு பெயர்கள் மீண்டன.

கித்துல்கலவைத் தாண்டி மேலே ஏறினால் தேயிலைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. அங்குள்ளவர்களின் முன்னோரும், சயாமில் மடிந்தவர்களின் முன்னோரும் ஒரே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து, ஒரே கங்காணி முறையில் கப்பலேறியவர்கள். அடுத்தமுறை அவ்வழியே போகையில் அந்த அத்திவாரத்தைப் பார்த்துவிட்டு, மலைகளையும் ஒருதரம் நிமிர்ந்து பார்ப்போம். விட்டுப்போன பெயர்களைத் தேட வேண்டியவர்கள் அவர்களது மொழியில் எழுதும் நாமே.