நாற்பத்தஞ்சு பவுண்டும் எழுநூறு படியும்

வலது தோள்பட்டையில் வலி வந்து எட்டு மாசம் ஆகியிருந்தது. முதலில் சட்டை போடும்போது மட்டும் வலித்தது. அப்புறம் காரில் சீட் பெல்ட்டை இழுக்கும்போது. கடைசியில் வில்லை இழுக்கும்போது. வீட்டில் தங்கமணி முதல் நாளே சொல்லியாச்சு, "அம்பத்தேழு வயசுல அர்ஜுனன் வேஷம் எதுக்கு?" என்று. :-)

விஷயம் தெரியாதவர்களுக்கு: டொரோன்டோ பக்கம் குடிவந்த நாளாக, பனி இல்லாத மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் வில் பழகுகிறேன். ஒலிம்பிக்கில் பார்க்கிற, குறிபார்க்கும் கருவியும் நீட்டிய கம்பிகளும் வைத்த வில் இல்லை. வெறும் மரமும் நாணும். ஆங்கிலத்தில் 'ட்ரெடிஷனல் ஆர்ச்சரி' என்பார்கள். என் வில்லின் இழுவிசை நாற்பத்தஞ்சு பவுண்டு, அதாவது சுமார் இருபது கிலோ. ஒரு நாளைக்கு அறுபது அம்பு என்றால் அறுபது தடவை இருபது கிலோ. கூட்டிப் பார்த்தால் 1200 கிலோவை மூன்று விரலால் இழுத்திருக்கிறேன். தோள் கோபித்துக்கொண்டதில் ஆச்சரியம் என்ன?

ஃபிசியோ அம்மணி, "எடையைக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாசம் நிறுத்துங்கள்" என்றார். குறைப்பதற்கு மனசு வரவில்லை. கிளப்பில் எல்லாருக்கும் தெரியும்படி சின்னப் பையன்கள் இழுக்கிற வில்லை எடுத்துக்கொண்டு போய் நிற்பதா? அதைவிட நிறுத்தியே விடலாம் என்று வில்லைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, தசரா சமயமாகப் பார்த்து மைசூருக்கு டிக்கெட் போட்டேன். அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கேதான் இருக்கிறார். எண்பத்திரண்டு வயது. பேங்க் உத்தியோகத்தில் மைசூருக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

இனி வரலாறு. கொஞ்சம் நீளமாகப் போகும், காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

மைசூருக்கும் வில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சட்டென்று எல்லாரும் சொல்வது தசராதான். விஜயதசமி அன்று தங்க அம்பாரியில் சாமுண்டேஸ்வரி அம்மன் புறப்பட்டு, ஊர்வலம் போய்ச் சேரும் இடம் பன்னிமண்டபம். கன்னடத்துப் 'பன்னி' நம்ம ஊர் வன்னி மரம். பாண்டவர்கள் விராட தேசத்தில் மறைந்து வாழ்ந்த ஒரு வருஷம் ஆயுதங்களை மூட்டை கட்டி வைத்தது அந்த மரத்தில்தான். காண்டீபமும் அந்த மூட்டையில் இருந்தது. ஒரு வருஷம் கழித்து அர்ஜுனன் அதை இறக்கி மறுபடி நாண் பூட்டினான். அதனால்தான் அந்த நாளில் வன்னிக்குப் பூஜை.

வில் பழகுகிறவனுக்கு இந்தக் கதையில் ஒரு தொழில் விஷயம் தெரியும். மர வில்லை நாண் பூட்டியே வைத்திருந்தால் அது வளைந்தபடியே நின்றுபோகும், விசை போய்விடும். பழகி முடித்ததும் நாணைக் கழற்றி வைக்க வேண்டும். நாண் கழற்றிய வில் ஓய்வில் இருக்கிறது, அவ்வளவுதான். என் பரண் வில்லை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மைசூரில் வில்லைத் தேடுகிறவன் போக வேண்டிய இன்னொரு இடம் உண்டு. அது கீழ்த்திசை ஆய்வு நூலகம். 1891ல் தொடங்கியது. அங்கே நூலகராக இருந்த ஆர். சாமசாஸ்திரி கையில் 1905 வாக்கில் ஒரு ஓலைச்சுவடி வந்து சேர்ந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர். எழுத்து நம்ம ஊர் கிரந்தம். பிரித்துப் பார்த்தால், பல நூறு வருஷமாகப் பெயர் மட்டும் தெரிந்து, முழு நூல் கையில் கிடைக்காமல் இருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்! 1909ல் மூலத்தை அச்சில் கொண்டுவந்தார், 1915ல் ஆங்கில மொழிபெயர்ப்பு. தஞ்சாவூர்ச் சுவடி, மைசூர் நூலகம் வழியாக உலகத்துக்குப் போனது. தமிழன் என்ற முறையில் காலரைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அந்த நூலில் ஆயுதசாலை அதிகாரிக்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது. வில் செய்ய நாலு பொருள்: பனை, மூங்கில், வேறு மரம், கொம்பு. நாணுக்கு மருள் நார், எருக்க நார், சணல், மூங்கில் நார், மிருகத்தின் நரம்பு என்று பட்டியல். மருள் என்பது நம்ம ஊர் வேலியோரத்தில் கத்தி மாதிரி நீளமாக நிற்குமே, அதுவேதான். வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயரே 'வில்நாண் சணல்'. அம்புகளில் மூங்கில் அம்பு, நாணல் அம்பு, அப்புறம் நாராசம். நாராசம் என்றால் இரும்பு அம்பு. யாராவது கர்ணகடூரமாகப் பாடினால் "காதில் நாராசமாய் விழுந்தது" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த இரும்பு இன்னும் நம்ம வாயில் இருக்கிறது. நீளத்தை அளக்கவும் வில்தான் அளவு: தொண்ணூற்றாறு விரற்கடை ஒரு வில், அதாவது சுமார் ஆறடி.

இவ்வளவு கணக்கு எழுதினவர்கள், வில்லாளிக்கு வயசானால் என்ன செய்வது என்று எழுதவில்லை. அதற்குப் பாரதத்துக்குத்தான் போக வேண்டும். துரோணர் போர்க்களத்தில் நிற்கும்போது எண்பதைத் தாண்டியவர், காது வரை நரைத்தவர், பதினாறு வயசுப் பையன் மாதிரி சுற்றி வந்தார் என்கிறது அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் தோளுக்கு இந்தக் கதையால் பிரயோஜனம் இல்லை. :-)

நிஜமான வில்லாளிகளின் உடம்பு வேறு கதை சொல்கிறது. இங்கிலாந்தில் 1545ல் 'மேரி ரோஸ்' என்ற போர்க்கப்பல் மூழ்கியது. 1982ல் அதைக் கடலுக்கு மேலே கொண்டுவந்தார்கள். கூடவே நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. பலவற்றின் இழுவிசை நூறு பவுண்டுக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். அதில் இறந்தவர்களின் எலும்புக்கூடுகளைப் பார்த்தபோது, தோள்பட்டையின் நுனி எலும்பு இருபது வயசு வாக்கில் ஒன்றாகச் சேர வேண்டியது சேராமலே நின்றிருந்தது, வழக்கத்தைவிட அதிகம் பேருக்கு. சிறு வயதிலிருந்தே கனமான வில்லை இழுத்ததன் விளைவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ராஜா சம்பளம் கொடுத்துப் போருக்கு அனுப்பினவர்கள் அவர்கள். என்னை யார் அனுப்பினார்கள்? நானேதான்.

சரி, மைசூருக்குத் திரும்புவோம். வயசாக ஆக உடம்பை எப்படிப் பழக்குவது என்ற கேள்விக்கு உலகத்துக்கே பதில் போனது இந்த ஊரிலிருந்துதான். ஜகன்மோகன் அரண்மனைக்கு மாமாவோடு போனேன். 1861ல் கட்டியது. பழைய மர அரண்மனை 1897ல் தீப்பிடித்தபோது ராஜ குடும்பம் இங்கேதான் இருந்தது. இப்போது ஓவியக்கூடம். ஹல்தங்கரின் 'விளக்கேந்திய பெண்' ஓவியத்தைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. இந்த அரண்மனையின் ஒரு பகுதியில் 1933ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் யோகசாலை ஒன்று நடந்தது என்பது பலருக்கும் தெரியாது. நடத்தினவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். சித்ரதுர்கா பக்கத்து முச்சுகுந்தபுரத்தில் 1888ல் பிறந்தவர்.

இன்றைக்கு டொரோன்டோவில் நம்ம தெருமுனையில் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறார்களே, அந்த வரிசையின் தலைப்பகுதி இந்தக் கட்டடம். 1934ல் பதினைந்து வயது நோஞ்சான் பையனாக இங்கே வந்தவர் அவருடைய மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார். 1937ல் புனேக்குப் போய், பின்னால் உலகம் முழுக்கப் பேர் வாங்கி, 2014ல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். இன்னொரு சீடர் பட்டாபி ஜோயிஸ், மைசூர் சமஸ்கிருதக் கல்லூரியில் 1937லிருந்து 1973 வரை யோகம் சொல்லிக்கொடுத்தார். தொண்ணூற்று மூன்றில், 2009ல் போனார். இந்திரா தேவி என்ற, அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த அம்மாள், பெண் என்பதால் முதலில் மறுக்கப்பட்டு, பிறகு சேர்த்துக்கொள்ளப்பட்டவர். நூற்றிரண்டு வயது வாழ்ந்து 2002ல் இறந்தார்.

அங்கே வில் எங்கே வந்தது என்கிறீர்களா? பதினைந்தாம் நூற்றாண்டு ஹடயோகப் பிரதீபிகையில் தனுராசனம் வருகிறது. இப்போது தனுராசனம் என்றால் குப்புறப் படுத்துக் கணுக்காலைப் பிடித்து வளைவது. பிரதீபிகை சொல்வது வேறு: கால் கட்டைவிரலைப் பிடித்து, நாண் இழுப்பதுபோல் காது வரை இழுப்பது. ஐயங்கார் புத்தகத்தில் அது 'ஆகர்ண தனுராசனம்' என்ற பெயரில் இருக்கிறது. வில்லாளியின் இழுப்பே ஒரு ஆசனமாகிவிட்டது.

கிருஷ்ணமாச்சாரியார் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ராஜா போனார், சுதந்திரம் வந்தது, ஆதரவு நின்றது, 1950 வாக்கில் யோகசாலையை மூடிவிட்டார்கள். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. நம்மில் பலர் ஓய்வுக் கணக்குப் பார்க்கும் வயதில் அவர் 1952ல் மெட்ராஸுக்குக் குடிவந்து மறுபடி ஆரம்பித்தார். அதாவது அவரும் ஒரு வகையில் நம்மைப்போல ஊர் மாறினவர்தான். மைசூரில் அவரிடம் பழகினவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள், பாய்ந்து பாய்ந்து செய்வார்கள். மெட்ராஸில் வந்தவர்களில் பலர் நோயாளிகள், நடுத்தர வயதுக்காரர்கள். அதற்கேற்ப அவர் கற்பித்த முறையும் மாறியது. சிறு வயதுக்கு சிருஷ்டி கிரமம், உடம்பை வளர்ப்பது. குடும்பஸ்தனுக்கு ஸ்திதி கிரமம், இருப்பதைக் காப்பது. கடைசிக் காலத்துக்கு அந்திய கிரமம், மூச்சும் தியானமும். பயிற்சிதான் ஆளுக்குத் தக்கபடி மாற வேண்டும், ஆள் பயிற்சிக்குத் தக்கபடி ஒடியக் கூடாது. அவர் மகன் தேசிகாச்சார், மைசூரில் பிறந்து எஞ்சினியரிங் படித்தவர், 1976ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். அப்பாவுக்குத் தொண்ணூற்றாறு வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி, படுக்கையிலேயே செய்யக்கூடிய பயிற்சியைத் தானே வகுத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறார்கள். 1989ல், நூறு வயதில் காலமானார்.

இதையெல்லாம் மாமாவிடம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாளைக்கு அஞ்சு மணிக்கு எழுந்திரு, மலைக்குப் போலாம்" என்றார்.

சாமுண்டி மலைக்குச் சுமார் ஆயிரம் படி. பதினேழாம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் போட்டது என்பார்கள். கிட்டத்தட்ட எழுநூறாவது படியில் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி. நான் சின்னப் பையனாகக் கோடை லீவுக்குப் போகும்போது மாமா என்னை முந்திக்கொண்டு உச்சிவரை ஓடுவார். இந்தத் தடவை அடிவாரத்திலிருந்து எண்ணிக்கொண்டே ஏறினார். நூறாவது படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூச்சு வாங்குதா மாமா?"

"இல்லடா. என் கோட்டா முடிஞ்சுது."

அப்புறம் சொன்னார். அறுபது வயசு வரை உச்சி. அதற்கப்புறம் பத்துப் பதினைந்து வருஷம் நந்தி வரைக்கும். முழங்கால் படுத்தியபோது முந்நூறு. ரெண்டு வருஷம் முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு நூறு. "படியைத்தான் குறைச்சேன். மலைக்கு வர்றதை நிறுத்தலை. உச்சிக்குப் போக முடியலேன்னு அன்னிக்கே வீட்ல உக்காந்திருந்தா, இந்த நூறும் போயிருக்கும்."

நந்தி வரைக்கும் நான் மட்டும் போய்விட்டு வந்தேன். வரும்வரை அதே படியில், வருகிற போகிறவர்களோடு கன்னடத்தில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கே எல்லாரையும் தெரிந்திருக்கிறது. நூறு படியில் அவருக்கு வேண்டியது பாதி அந்தப் பேச்சுதான் என்று தோன்றியது.

திரும்பி வந்து முதல் வேலையாகப் பரணிலிருந்து மூட்டையை இறக்கினேன். கிளப்பில் சொல்லி இருபத்தெட்டு பவுண்டு வில் ஒன்று வாங்கினேன். குறியை முப்பது கஜத்திலிருந்து பதினைந்துக்கு நகர்த்தினேன். அறுபது அம்பு முப்பதாச்சு. இழுப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம் தோளுக்கும் முதுகுக்கும் ரப்பர் பட்டைப் பயிற்சி. ஃபிசியோ அம்மணி சொன்னதும் அதேதான், அன்றைக்குக் காதில் ஏறவில்லை. லேசான வில்லில் ஒரு லாபம் உண்டு: கையால் இழுத்துச் சமாளிக்கிற அவசரம் போய்விடுகிறது. தோள்பட்டை எலும்புகள் ரெண்டும் முதுகில் நெருங்கி வருவது தெரிகிறது, நாணை விடும் நேரம் தெரிகிறது. இத்தனை வருஷம் என் தப்புகளை அந்தக் கனம் மூடி மறைத்திருக்கிறது. வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் சட்டை போட முடிகிறது.

முதல் நாள் கிளப்பில் யாரும் என் வில்லைக் கவனிக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு மாசம் நான் பயந்தது அதற்குத்தான்!

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் போன் செய்தால் உடம்பு எப்படி என்று கேட்பதில்லை. "இந்த வாரம் எத்தனை படி?" என்று கேட்கிறேன். அவர், "எத்தனை அம்பு?" என்கிறார். போன வாரம் மழை, அடிவாரத்தோடு திரும்பிவிட்டாராம். "முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்தேன், கணக்குல ஒண்ணுன்னு எழுதிக்கோ" என்றார்.

எழுதிக்கொண்டேன்.