பெட்டிக்குள்ளே போன மதி



எதிரணித் தலைவர் ரொம்ப அழகாச் சொன்னார். எல்லாம் முன்னாடியே எழுதியாச்சாம், நம்ம கையில ஒண்ணும் இல்லையாம். அப்புறம் ஏன் சார் மைக்கைப் பிடிச்சு எங்க மனசை மாத்தப் பார்க்கிறீங்க? (சிரிப்பு)

இந்த 'விதியா, மதியா' வழக்கிலே நெதர்லாந்து நாடே ஒரு காலத்தில் ரெண்டுபட்டது. லெய்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேராசிரியர்கள், கோமாரஸ், அர்மீனியஸ். இருவரும் ஒரே சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். யாருக்கு இரட்சிப்பு, யாருக்கு இல்லை என்று உலகம் உண்டாகும் முன்பே கடவுள் தம் சித்தப்படி முன்குறித்துவிட்டார் என்பது கோமாரஸ் கட்சி. கிருபை இல்லாமல் ஒருவனும் கரையேற முடியாது, ஆனால் நீட்டிய கிருபையைத் தட்டிவிட மனிதனால் முடியும் என்பது அர்மீனியஸ் கட்சி.

கோமாரஸை நான் கேலி பண்ண மாட்டேன். நான் வழுக்கினாலும் என்னைப் பிடிச்ச கை விடாது என்கிற ஆறுதல் சாதாரணமானதா? ஆனா பிறக்கும் முன்பே தள்ளப்பட்டவன் என்னய்யா செஞ்சான்? அதுக்குப் பதில் வேணுமில்லையா?

1609-ல் அர்மீனியஸ் இறந்தார். வழக்கு சாகலை. மறு வருஷமே அவர் வழி வந்த போதகர்கள் ஐந்து அம்சங்களை எழுதி அரசாங்கத்திடம் நீட்டினார்கள். அரசியல் உள்ளே வந்தது. மூத்த ராஜதந்திரி ஓல்டன்பார்னவெல்ட் அவர்களுக்கு ஆதரவு. படைத்தலைவர் இளவரசர் மாரிஸ் எதிர்ப்பு. 1618 நவம்பரில் டோர்ட் நகரில் மாநாடு கூடியது. இங்கிலாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்திலிருந்தெல்லாம் அறிஞர்கள் வந்தார்கள். அர்மீனியஸ் கட்சியாருக்கு மட்டும் சரிசமமா நாற்காலி கிடையாது. குற்றவாளிகளைப் போலக் கூப்பிட்டு, ஜனவரியில் வெளியே அனுப்பிவிட்டார்கள். நம்ம நடுவர் எவ்வளவோ தேவலை! (கைதட்டல்)

சுமார் 200 போதகர்கள் பதவி இழந்தார்கள். 1619 மே 13, ஹேக் நகரம். 71 வயது ஓல்டன்பார்னவெல்ட்டின் தலையை வெட்டினார்கள். குற்றச்சாட்டு, தேசத்துரோகம். கடவுள் ஏற்கெனவே தீர்மானிச்ச விஷயத்துக்கு மனுஷன் வாள் எதுக்கு நடுவர் அவர்களே?

அவரோடு சேர்த்துப் பிடிபட்டவர் சட்ட மேதை ஹ்யூகோ க்ரோஷியஸ். ஆயுள் தண்டனை, லூவஸ்டைன் கோட்டையில் சிறை. மனைவி மரியா கூடவே தங்க அனுமதி. அவர் படிக்கப் பெரிய பெட்டியில் புத்தகங்கள் வரும், போகும். ஆரம்பத்தில் காவலர்கள் திறந்து பார்த்தார்கள்; நாளாக நாளாகச் சலிச்சுப்போய் அப்படியே விட்டுட்டாங்க. அதைக் கவனிச்சவர் மரியா. 1621 மார்ச் 22. பெட்டி வெளியே போச்சு. உள்ளே புத்தகம் இல்லை, புருஷன்! (பலத்த கைதட்டல்)

காவலர் பெட்டியைத் திறக்காததே விதிதானே என்று எதிரணி எழுந்து சொல்லும். சொல்லட்டும். மரியாவும் கடவுளை நம்பின அம்மாதான். ஆனா நம்பிட்டுச் சும்மா உட்காரலையே! மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரிஞ்சும் அந்தம்மாதானே துணிஞ்சாங்க?

க்ரோஷியஸ் பாரிஸுக்குத் தப்பி, போருக்கும் சமாதானத்துக்கும் உரிய சட்டத்தைப் பற்றி 1625-ல் பெரிய நூல் வெளியிட்டார். அதே வருஷம் மாரிஸ் இறந்தார், அடக்குமுறை தளர்ந்தது. 1630-ல் அந்த அர்மீனியஸ் கட்சியார் ஆம்ஸ்டர்டாமில் தங்களுக்கென்று ஓர் ஆலயமே கட்டிக்கொண்டார்கள்.

மணி அடிச்சாச்சு.