மெமோவிலிருந்து மீன்முள் வரை

ஊரப்பாக்கத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஜிஎஸ்டி சாலையோரம் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். மறைமலைநகருக்கும் ஒரகடத்துக்கும் ஏ ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்கள். மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வுபெற்ற நானும் அப்படிப் போய் வந்தவன்தான். எங்கள் வட்டாரத்துக் கோயில்களுக்கும் ஏரிகளுக்கும் வரலாறு எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஒரு பாகம் கெட்டால் அதன் காரணத்தை எப்படித் தேடுவது என்று இந்தச் சாலையோரத்துத் தொழிலாளிகள் கற்றுக்கொண்டதும் வரலாறுதான். அதை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

இந்தக் கதை மேஸ்திரியிடம் தொடங்குகிறது. அந்தக் காலத்து ஆலைகளில் ஆள் சேர்ப்பவரும் அவரே, வேலை சொல்லித்தருபவரும் அவரே, வெளியே அனுப்பச் சொல்பவரும் அவரே. விட்லி கமிஷன் என்று அறியப்படும் அரச தொழிலாளர் ஆணையம் 1931-ல் தந்த அறிக்கை, மேஸ்திரிகள் வேலைக்கு லஞ்சம் வாங்குவதைப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. அதற்கு முன்பே, 1918-ல், பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, சாப்பாட்டு நேரம் போதாது என்ற குறையோடு மேலாட்கள் நடத்தும் விதம் பற்றிய குறையும் சேர்ந்தே வந்தது. நூல் அறுந்தாலும் துணி கெட்டாலும் மேஸ்திரி கேட்கத் தெரிந்திருந்த கேள்வி ஒன்றுதான்: யார் செஞ்சது? பதிலாக ஒரு பெயர் கிடைத்துவிட்டால் விசாரணை முடிந்தது.

மேற்பார்வை செய்பவருக்கும் பாடம் தேவை என்ற எண்ணம் இரண்டாம் உலகப் போரில்தான் உருப்பெற்றது. ஆலைக்குப் புதிதாக வந்த ஆட்களுக்கு வேகமாக வேலை கற்றுத்தர 1940-ல் அமெரிக்கா ஒரு திட்டம் தொடங்கியது. வேலை கற்றுத்தருவது, வேலை முறையை மேம்படுத்துவது, ஆட்களோடு பழகுவது என்று மூன்று பயிற்சிகள். போர் முடிவதற்குள் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்பார்வையாளர்கள் அதில் தேறினார்கள். சட்டைப்பையில் அடங்கும் சிறு அட்டையில் பாடத்தை அச்சடித்துத் தந்தார்கள். தொழிலாளி கற்கவில்லையென்றால் குறை சொல்லித்தந்தவரிடம் என்பது அதன் அடிப்படை. போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போனது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வழியாக 1950-களில் இந்தியாவுக்கும் வந்தது. 1958-ல் தேசிய உற்பத்தித்திறன் குழு அமைந்தது. ஆனால் இந்தப் பாடங்கள் பெரிய ஆலைகளின் வாசலைத் தாண்டி வெகுதூரம் வரவில்லை என்பது என் கருத்து.

எங்கள் பக்கத்துப் பெரிய ஆலை வண்டலூர் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ். வேன்கார்டு, 1961 முதல் ஹெரால்டு, பின்னர் கேசல் என்று கார் கட்டிய இடம். 1985-ல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 கார் ஓடாமல் போக, 1988 வாக்கில் ஆலை நின்றது. அங்கிருந்து வெளியே வந்த ஒரு சார்ஜ்மேன்தான் எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர். ஸ்க்ரூடிரைவரின் முனையை இயந்திரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்தி, எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்வார். அநேகமாகச் சரியாக இருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "கேட்டுப் பழகுப்பா, வந்துடும்" என்பார். அவர் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை. ஆனால் அந்தத் தலைமுறையின் அறிவு அவரவர் காதிலேயே இருந்தது. பக்கத்திலிருந்தவருக்குக் கைமாற ஒரு வழி இருக்கவில்லை.

அந்த வழியை ஜப்பானியர்கள் தாளில் கண்டார்கள். பிற்காலத்தில் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியரான கவோரு இஷிகாவா 1943-ல் கவாசாகி ஆலைப் பொறியாளர்களுக்கு விளக்கப் போட்ட படம்தான் பின்னாளில் மீன்முள் படம் ஆயிற்று. தலையில் பிரச்சினை, முட்களில் ஆள், இயந்திரம், பொருள், முறை என்று காரணங்கள். அந்தப் படத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1962-ல் நடந்தது. அந்த ஆண்டு அங்கே ஃபோர்மேன்களுக்கென்றே குறைந்த விலையில் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். ஒரே பிரிவில் வேலை செய்பவர்கள் கூடி அதைப் படித்து, தங்கள் பிரச்சினையைத் தாங்களே அலசும் தர வட்டங்கள் அதிலிருந்து முளைத்தன. டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ, இயந்திரம் நின்றால் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்கச் சொன்னார். ஃபியூஸ் போனது என்பதோடு நின்றால் ஃபியூஸ் மாற்றுவோம். மறுவாரம் அதுவும் போகும். தொடர்ந்து கேட்டுப் போனால் எண்ணெய் பம்புக்கு வடிகட்டி இல்லாதது தெரியவரும்.

இந்தியாவில் தர வட்டங்களை 1980-81-ல் ஹைதராபாத் பிஹெச்இஎல் ஆலையில் எஸ்.ஆர்.உடுபா தொடங்கினார். 1982-ல் அதற்கென ஒரு தேசிய மன்றம் பிறந்தது. சென்னைப் பக்கம் இது ஊன்றியதற்கு முதல் காரணம் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன். ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு சுடாவின் வழிகாட்டலில் பல ஆண்டுகள் உழைத்து, அந்த நிறுவனத்தின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை 1998-ல் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுதான் முதல்முறை. டிவிஎஸ் மோட்டார், ரானே குழும நிறுவனங்கள் என்று அடுத்தடுத்து வாங்கின. பரிசு வாங்கியவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் எங்களைப் போன்ற சிறு ஆலைகளிலும் அதன் பிறகு சுவரில் வரைபடம் ஏறிற்று, வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டம் நடந்தது. வெல்டர்கள் சாக்பீஸ் பிடித்துப் பேசினார்கள். அந்த ஆண்டுகளை நான் எங்கள் சாலையின் நல்ல காலம் என்றே சொல்வேன்.

கார் கம்பெனிகள் வேறு வழியிலும் இதைக் கொண்டுவந்தன. மஹிந்திராவோடு சேர்ந்து வந்த ஃபோர்டு, மறைமலைநகரில் ஆலை கட்டி 1999-ல் ஐகான் காரை வெளியிட்டது. அமெரிக்காவில் அதே ஃபோர்டு 1987-ல் எழுதிய கையேட்டிலிருந்து வந்ததுதான் 8டி. குழு சேர், பிரச்சினையை விவரி, கெட்ட சரக்கு வெளியே போகாமல் தடு, மூலகாரணம் கண்டுபிடி, தீர்வைத் தேர்ந்தெடு, நடைமுறைப்படுத்து, மறுபடி வராமல் செய், குழுவுக்கு நன்றி சொல் என்று எட்டுப் படிகள். எந்தக் கார் கம்பெனிக்குச் சரக்கு கொடுத்தாலும் புகார் வந்தால் 8டி ரிப்போர்ட் எழுத வேண்டும் என்றாகிவிட்டது.

ஒருமுறை எங்கள் ஆலையில் ஒரு அலுமினிய பிராக்கெட்டில் துளை அரை மில்லிமீட்டர் தள்ளி விழுகிறது என்று புகார் வந்தது. பி ஷிஃப்டு ஆபரேட்டர்கள் இருவருக்கு அதற்குள் மெமோ கொடுத்தாயிற்று. கையேட்டில் சொன்னபடி, பிரச்சினை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று இரண்டு பத்தி போட்டோம். இரண்டாம் மெஷினில் இருக்கிறது, முதல் மெஷினில் இல்லை. பி ஷிஃப்டில் இருக்கிறது, ஏ ஷிஃப்டில் இல்லை. அதிலும் மாலை ஐந்தேகால் முதல் ஐந்தே முக்கால் வரைதான். ஆபரேட்டரின் கவனக்குறைவுக்கு இப்படிக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. மெமோ வாங்கியவர்களில் ஒரு தம்பி அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அண்ணா, அந்த நேரத்துலதான் காத்து இறங்கும்."

பிராக்கெட்டைப் பிடித்திருப்பது காற்றழுத்தத்தில் இயங்கும் கிளாம்ப். பக்கத்து அசெம்பிளி பிரிவில் ஜெனரல் ஷிஃப்டு முடியும்போது எல்லோரும் ஏர் கன் எடுத்து மேசையைச் சுத்தம் செய்வார்கள். அந்தப் பிரிவைப் புதிதாகச் சேர்த்தபோது, கிட்டத்தில் இருந்த காற்றுக் குழாயிலிருந்தே இணைப்பு எடுத்திருந்தார்கள். அழுத்தம் போதுமா என்று கணக்குப் போடவில்லை. கம்ப்ரெஸருக்கு அருகில் இருந்த முதல் மெஷின் தப்பித்தது. குழாயின் கடைசியில் இருந்த இரண்டாம் மெஷினில் கிளாம்ப் தளர்ந்து பிராக்கெட் நகர்ந்தது. அழுத்தமானியோ மெஷினின் பின்புறம், யார் கண்ணிலும் படாத இடத்தில். ஏர் கன்களுக்குத் தனிக் குழாய் போட்டோம்; அழுத்தம் குறைந்தால் மெஷின் ஓடாதபடி ஒரு ஸ்விட்ச் வைத்தோம். அந்தப் புகார் மறுபடி வரவில்லை. இரண்டு மெமோக்களையும் கோப்பிலிருந்து எடுக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேன்.

காற்று இறங்குவது அந்தத் தம்பிக்கு வெகுநாளாகத் தெரியும். கேட்டவர் இல்லை. இந்தக் கருவிகள் அத்தனையும் மெஷின் முன்னால் நிற்பவரைக் கேட்பதற்காகவே உண்டானவை என்று நான் நம்புவது அதனால்தான்.

பிந்தைய ஆண்டுகளில் படிவம் தங்கியது, கேட்பது குறைந்தது. புகார் வந்தவுடன் இரண்டொரு நாளில் ரிப்போர்ட் வேண்டும் என்று நெருக்கடி. தரப்பிரிவில் ஒருவர் கணினி முன் உட்கார்ந்து எட்டுக் கட்டங்களையும் தனியாக நிரப்புவார். மூலகாரணம்: ஆபரேட்டர் கவனக்குறைவு. நடவடிக்கை: அறிவுரை வழங்கப்பட்டது. பழைய மெமோவே வேறு தாளில் வருகிறது. இதைவிடப் பெரிய சேதம் ஆட்கள் நிலையாக இல்லாதது. ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களுமாக லைன் நிரம்பிவிட்டது. ஒரு மெஷினின் குணம் பிடிபடுவதற்குள் அவர்களை அனுப்பிவிடுகிறார்கள். காற்று எப்போது இறங்கும் என்று தெரிய ஒருவன் அங்கே பல மாதம் மாலைப் பொழுதுகளில் நின்றிருக்க வேண்டும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு மூடப்போவதாக அறிவித்து, 2022-ல் மறைமலைநகர் ஆலை ஓய்ந்தபோது, அப்படி நின்று பழகிய ஆட்கள் பலரை இந்தச் சாலை இழந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த இளம் சூப்பர்வைசர்கள் சிலர் தங்கள் ரிப்போர்ட்டுகளை என்னிடம் எடுத்து வருகிறார்கள். கம்பெனி பெயரை மறைத்துவிட்டுத்தான் காட்ட வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. நான் முதலில் பார்ப்பது குழு என்ற முதல் கட்டத்தை. அதில் மெஷின் ஓட்டியவரின் பெயர் இல்லையென்றால் மேற்கொண்டு படிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். திங்கட்கிழமை அவரைப் பார்த்து, எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தில், எத்தனை பீஸுக்கு ஒருமுறை என்று கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். போன வாரம் ஒரு பையன் அப்படிக் கேட்டு வந்தான். மூலகாரணக் கட்டத்தில் இருந்த கவனக்குறைவை அவனே அடித்துவிட்டு, கூலன்ட் குழாயின் வாய் அடைத்திருந்தது என்று எழுதியிருந்தான். ஏன் அடைத்தது என்று கேட்டேன். அதைக் கேட்க இந்த வாரம் போயிருக்கிறான்.