தாது வருஷத்துக் காகிதம்



போன மாதம் நான் போட்ட டிரங்குப் பெட்டி படத்தைப் பார்த்துவிட்டு, "சார், பழைய காகிதத்தை இன்னுமா அடுக்கிட்டு இருக்கீங்க?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஆமாம், இன்னும்தான். ஓய்வு பெற்ற மறு வருஷம் தொடங்கிய வேலை. இந்த வாரம் அதில் ஒரு பெரிய தப்பைக் கண்டுபிடித்தேன். என் தப்புதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு உங்களை வரிசையாக அழைத்துப் போனது ஞாபகம் இருக்கிறதா? பாதிப் பேர் வெளியே ஐஸ் வண்டியிடம் நின்றீர்கள், அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சன்னதியைச் சுற்றியுள்ள திருச்சுற்று மண்டபச் சுவரில் வரிசை வரிசையாகச் சிற்பங்கள். அது ஒரு குடும்பத்தின் வம்சாவளி. திருமாலில் தொடங்கி, பிரமன், பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன் என்று வந்து, பல்லவ மன்னர்கள் ஒவ்வொருவராக முடிசூடுவதைக் காட்டி, கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மனிடம் வந்து நிற்கும்.

இவ்வளவு சிரமப்பட்டு வம்சாவளியைக் கல்லில் எழுதியது ஏன்? சுமார் 731-ல் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபோது பட்டத்துக்கு வாரிசு இல்லை. அமைச்சர்களும் நகரத்தாரும் கடிகையாரும் கிளை வம்சத்து இரணியவர்மனிடம் போய் நின்றார்கள். சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழியில் வந்தவர் அவர். அவருடைய மூத்த பிள்ளைகள் மூவரும் மாட்டேன் என்றார்கள். பன்னிரண்டு வயதுக் கடைசிப் பிள்ளை நான் போகிறேன் என்றான். அவன்தான் நந்திவர்மன். சிற்பங்களுக்குக் கீழே உள்ள எழுத்துகள் இந்தக் கதையைத்தான் சொல்கின்றன. நேர் வாரிசாக இருந்திருந்தால் பிரமனிலிருந்து தொடங்கும் அவசியம் அவனுக்கு இருந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். வம்சாவளி எழுதுகிறவனுக்கு ஏதோ ஒரு தேவை இருக்கிறது. இதை வகுப்பில் சொன்னேனோ இல்லையோ, என் வீட்டு விஷயத்தில் நானே மறந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக் கதை உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். கிருஷ்ணதேவராயர் காலத்தில் ராஜா அழைத்து வந்து காஞ்சியில் குடிவைத்த நெசவுக் குடும்பம் நம்முடையது என்று பெரியப்பா ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லுவார். அந்தக் காலத்தில் ஆந்திரப் பக்கமிருந்து நெசவாளர்கள் இங்கே வந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மை. ஆனால் அதில் நம்ம வீடு உண்டா என்பதற்குக் காகிதம் வேண்டாமா?

காகிதம் என்று தேடியபோது கிடைத்தவை: பனையோலை ஜாதகக் கட்டு ஒன்று, கிரயப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக் கூலிப் புத்தகங்கள், மொய்க் கணக்கு, கல்யாணப் பத்திரிகைகள், பின்பக்கம் எதுவும் எழுதாத போட்டோக்கள். முதல் வருஷம் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்திரமாக இருக்கட்டும் என்று தாத்தாவின் ரசீது ஒன்றை லேமினேஷன் போட்டேன். சூட்டில் எழுத்து மங்கி, காகிதம் பழுப்பேறி, இனி பிரிக்கவும் முடியாது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்புத் துண்டு போட்டு வைத்த பாட்டியின் முறையே மேல்.

அடுக்குவது எப்படி என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகன், வம்சாவளி எழுதும் மென்பொருள் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்தான். அது முதலில் கேட்டது குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் இனிஷியல் என் அப்பா, என் மகன் இனிஷியல் நான். தலைமுறைக்குத் தலைமுறை எழுத்து மாறுகிறது. ஆனால் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் பெயர் மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறது. எங்கள் மரத்தில் ஒரே பெயரில் நான்கு பேர். கடைசியில் பெயரை விட்டுவிட்டு, வீட்டை வைத்து அடுக்கினேன். பிள்ளையார்பாளையம் பழைய வீடு ஒரு கட்டு, சின்ன காஞ்சிபுரம் வீடு ஒரு கட்டு, அம்மா பிறந்த வீடு ஒரு கட்டு. ஆட்கள் வருவார்கள், போவார்கள், பத்திரத்தில் நான்கு எல்லை சொன்ன வீடு அங்கேயே இருக்கும். ஒவ்வொரு காகிதத்தோடும் ஒரு துண்டுச் சீட்டு. யார் கொடுத்தது, எந்தத் தேதியில் கொடுத்தது, வாய்வழியாகச் சொன்னது என்றால் சொன்னவர் யார் என்று பென்சிலில் எழுதினேன்.

இதில் நான் மிகவும் ரசித்தது அப்பாவின் கூலிப் புத்தகம். எந்தத் தேதியில் பாவு வாங்கினார், எப்போது புடவை அறுத்துக் கொடுத்தார், கூலி எவ்வளவு, முன்பணத்துக்குப் பிடித்தது எவ்வளவு, எல்லாம் வரிசையாக இருக்கும். 1957 ஏப்ரலுக்கு முன்னால் அணா, பிறகு நயா பைசா. ஓரிடத்தில் நான்கு மாதம் ஒரு வரிகூட இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு மாதம் அது. கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். எதிர்க்கரை நாடாவைத் தள்ள ஆள் இல்லாமல் தறி சும்மா நின்றிருக்கிறது. அந்த நாடாவைத் தள்ளத்தான் என் அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். ஐந்தாம் மாதம் கணக்கு மறுபடி ஓடுகிறது. அக்காவின் பெயர் அந்தப் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது.

இனி தப்புக்கு வருகிறேன். பெரியப்பா வீட்டிலிருந்து எனக்குக் கிடைத்த ஜெராக்ஸ் நகல் ஒன்றில் 'தாது வருஷம் மார்கழி மாதம் 20-ந் தேதி' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டவர் பெயர் என் தாத்தாவின் பெயர். நம் வருஷங்கள் அறுபது ஆண்டுச் சுழற்சி. தாது 1996-ல் வந்தது, அதற்கு முன் 1936, அதற்கும் முன் 1876. தாத்தா 1936-ல் நடுவயதுக்காரர். சரியாக இருக்கிறதே என்று தாத்தா கவரில் போட்டுவிட்டேன். பதினோரு வருஷம் அங்கேயே இருந்தது.

போன வாரம் பெரியப்பா மகன் வீடு மாற்றும்போது அசல் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். நீளமான முத்திரைத்தாள். ஜெராக்ஸ் எடுத்தபோது மேல் பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த மேல் பகுதியில் விக்டோரியா ராணியின் தலை! 1936 என்றால் ஜார்ஜ் மன்னர் தலை அல்லவா இருக்க வேண்டும்? ஆக இது என் தாத்தா இல்லை. அதே பெயர் கொண்ட அவருடைய தாத்தா. தேதி 1877 ஜனவரி முதல் வாரம்.

பெரியவர்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்வார்களே, அதே வருஷம். 1876-ல் இரண்டு பருவமழையும் பொய்த்து, 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்ட பஞ்சம். அந்த ஜனவரி 1-ம் தேதி டெல்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். அதே மாதம் பஞ்சத்தைப் பார்வையிட வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்கிறவர்களுக்கான கூலியை ஒரு ராத்தல் அரிசியும் கொஞ்சம் காசும் என்று குறைத்தார். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து பக்கிங்காம் கால்வாய் தோண்டியது இந்தப் பஞ்ச வேலையில்தான். சோற்றுக்கே வழியில்லாதபோது துணி யார் வாங்குவார்கள்? நெசவாளருக்கு அடி எப்படி விழுந்தது என்பதற்கு எங்கள் காகிதமே சாட்சி.

ஆரணியிலிருந்து வந்து தற்சமயம் பிள்ளையார்பாளையத்தில் குடியிருக்கும் இன்னார், தன் குடும்பச் செலவுக்காகப் பதினைந்து ரூபாய் கடன் வாங்கிக்கொண்டு, ஒரு தறியையும் இரண்டு பித்தளைக் குடத்தையும் ஈடு வைக்கிறார். ராஜாவும் இல்லை, அழைப்பும் இல்லை. 'வந்து தற்சமயம் குடியிருக்கும்' என்கிற மூன்று வார்த்தைதான் எங்கள் காஞ்சிபுரச் சரித்திரத்தின் தொடக்கம்.

பெரியப்பாவுக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. அவரிடம் மறைக்கக்கூடாது என்று போய்ப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, பஞ்சம் பொழைக்க வந்தவங்கன்னு எழுதி வைப்பியா? நாளைக்கு சம்பந்தம் பேச வர்றவங்க படிப்பாங்கடா" என்றார். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது கோபம் போய்விட்டது. அவரும் நந்திவர்மன் செய்ததைத்தானே செய்கிறார்? பசிக்கு ஓடி வந்த குடும்பம், நாலு பேர் மதிக்க ஒரு கதையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் நம் சரித்திரம்தான். அதனால் ராஜா கதையைக் கிழித்துப் போடவில்லை. 'பெரியப்பா சொன்னது' என்று சீட்டு எழுதி, தேதி போட்டு, அதே கட்டில் வைத்திருக்கிறேன். பத்திரமும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டில் எதையும் எடுத்துவிட மாட்டேன் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். "என் காலத்துக்கு அப்புறம் என்னமோ பண்ணு" என்றார். இந்தப் பதிவைப் போட நேற்றுதான் சம்மதித்தார்.

காகிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அடியில் அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போல ஒரு கோடு, அதைச் சுற்றி 'மேற்படியான் சம்சாரம் கீறல்' என்று எழுதியிருக்கிறது. குடம் அந்த அம்மா பிறந்த வீட்டுச் சீதனமாக இருக்கலாம், அதனால் அவருடைய ஒப்புதலும் கேட்டிருக்கலாம். இது என் யூகம். பெயர் மட்டும் எழுதவில்லை. பேத்திக்குப் பாட்டி பெயர் வைக்கும் வழக்கத்தை வைத்துப் பார்த்தால், அடுத்த தலைமுறைகளில் ஒரே பெண் பெயர் இரண்டு வீட்டில் வருகிறது. அதையும் சீட்டில் கேள்விக்குறியோடுதான் எழுதியிருக்கிறேன்.

ஆரணிப் பக்கம் இருக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஜாதகக் கட்டிலோ, சாமிக்குப் படையல் போடும்போது வரிசையாகச் சொல்லும் பெயர்களிலோ, பஞ்ச காலத்தில் காஞ்சிபுரம் போன ஒரு தம்பதி பற்றி ஏதாவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். போட்டோ எடுக்கும்போது காகிதத்தின் நான்கு ஓரமும் தெரிய வேண்டும். மேல் பகுதியை வெட்டிவிடாதீர்கள்.